மென்சவ்வின் ஒழுங்கும் விழிக்காத ரி-கலமும்

முல்லைத்தீவின் தென்புறத்தில், மணலாற்றிலிருந்து பதவியாப் பக்கமாகக் காடு நீண்டு கிடக்கும் எல்லையில் வேலை செய்தவர்கள் அறிந்த ஒரு புண் உண்டு. முகத்திலோ முழங்கையிலோ காதோரத்திலோ சிறு பருவாகத் தொடங்கும். நோகாது, கடிக்காது. மாதக்கணக்கில் மெல்லப் பெருத்து, நடுவில் குழிந்து, ஆறாத புண்ணாகும். வலி இல்லாததால் வைத்தியரிடம் போவதும் பிந்தும். லீஷ்மேனியாசிஸ் என்ற இந்த நோயை மணல் ஈ பரப்புகிறது. இலங்கைக்குள்ளேயே தொற்றுக்கு ஆளான முதல் நோயாளியைப் பற்றிய அறிக்கை 1992 இல் வந்தது. அதன்பின் இனங்காணப்பட்டவர்களில் கணிசமானோர் வடக்கின் காடுகளில் நிலைகொண்டிருந்த படையினர். 2008 இல் இது கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்றாக்கப்பட்டது. 2018 இல் நாடு முழுவதிலும் பதிவான நோயாளர் தொகை மூவாயிரத்தைத் தாண்டிவிட்டது.

இந்தப் புண்ணுக்குள் நடப்பதுதான் என்னை இக்கட்டுரைக்கு இழுத்து வந்தது. நோயை உண்டாக்கும் லீஷ்மேனியா டொனோவானி என்ற ஒட்டுண்ணி, கிருமிகளை விழுங்கிச் செரிப்பதையே தொழிலாகக் கொண்ட பெருந்தின்கலத்துக்குள் குடியிருக்கிறது. அந்தக் கலத்திடம் ஒட்டுண்ணியைக் கொல்லும் வல்லமை இருக்கிறது. நைத்திரிக் ஒட்சைட்டை ஆக்கினால் போதும். ஆனால் அதைச் செய்யுமாறு ஒரு கட்டளை வரவேண்டும். கட்டளையைத் தருவது உதவி ரி-கலம். அது பெருந்தின்கலத்தோடு ஒட்டி நின்று, அதன் மேற்பரப்பில் காட்டப்படும் ஒட்டுண்ணியின் புரதத் துண்டை அடையாளம் கண்டு, இன்ரர்பெரோன் காமாவைச் சுரக்க வேண்டும். ஒட்டுண்ணியின் புரதம் உள்ளே தாராளமாக இருக்கிறது, ரி-கலங்களும் சுற்றி வருகின்றன. இருந்தும் பல மாதங்களாக அந்தக் கட்டளை போதியளவு வலுவாகப் பிறப்பதில்லை. ஏன்?

ரி-கலத்தின் வாங்கியும் அதற்குரிய பிறபொருளெதிரியாக்கியும் பொருந்தினால் அந்தக் கலம் தூண்டப்படும் என்பதே நமது பாடசாலைகளில் சொல்லப்படும் விடை. அது பிழையில்லை, ஆனால் போதாது. கடந்த முப்பது ஆண்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகிறது. பொருத்தம் இருந்தாலும், இரு கலங்களின் மென்சவ்வுகளிலும் மூலக்கூறுகள் எங்கே, எவற்றோடு சேர்ந்து, எவற்றை விட்டு விலகி நிற்கின்றன என்பதே தூண்டல் நிகழுமா இல்லையா என்பதைப் பெருமளவில் தீர்மானிக்கிறது. அதிலும் ரி-கலத்தின் மென்சவ்வைப் பற்றி எழுதப்பட்ட அளவுக்கு, எதிரே நிற்கும் கலத்தின் மென்சவ்வைப் பற்றி எழுதப்படவில்லை. வன்னியின் புண்ணுக்கு அந்த எதிர்ப்பக்கம்தான் முக்கியம் என்பது என் கருத்து.

உயர்தர உயிரியல் படித்த எவரும் பாய்ம சித்திர மாதிரியுருவை வரைந்திருப்பார்கள். சிங்கரும் நிக்கல்சனும் 1972 இல் முன்வைத்தது அது. ஏறத்தாழ 5 நனோமீற்றர் தடிப்புள்ள இலிப்பிட்டு ஈரடுக்கில் புரதங்கள் சுயாதீனமாக மிதந்து திரிகின்றன என்பது அதன் சாரம். அதன்படி மென்சவ்வின் எந்த இடமும் மற்ற இடத்தைப் போன்றதே. 1997 இல் காய் சைமன்சும் எலினா இக்கோனனும் அந்தச் சமநிலையைக் குலைத்தார்கள். கொலஸ்திரோலும் ஸ்பிங்கோலிப்பிட்டுகளும் ஒன்றையொன்று நாடிச் சேர்ந்து, சூழவுள்ள இலிப்பிட்டைவிட ஒழுங்கான சிறு தெப்பங்களாகின்றன என்றும், சில புரதங்கள் அத்தெப்பங்களையே விரும்பி ஏறுகின்றன என்றும் அவர்கள் வாதிட்டார்கள். நிர்ப்பீடனவியலாளர்கள் இதை உடனே பற்றிக்கொண்டார்கள். அவர்களிடம் விடை கிடைக்காத ஒரு கணக்கு இருந்ததே அதற்குக் காரணம்.

ஒரு ரி-கலத்தின் மேற்பரப்பில் சுமார் 30,000 வாங்கிகள் இருக்கும். எதிர்க் கலத்தின் மேற்பரப்பிலோ புரதத் துண்டுகளை ஏந்திக் காட்டும் எம்.எச்.சி மூலக்கூறுகள் நிறைந்திருந்தாலும், அவற்றில் மிகப் பெரும்பாலானவை நமது சொந்தப் புரதத் துண்டுகளையே ஏந்தி நிற்கும். அந்நியத் துண்டு ஏந்தியவை சில மட்டுமே. 2002 இல் மார்க் டேவிசின் ஆய்வுகூடத்தில் அளந்தபோது, பத்து அளவிலான அந்நியத் துண்டுகளே ஒரு ரி-கலத்தை நிறுத்தி முழுமையாகத் தூண்டப் போதுமென்று தெரிந்தது. வாங்கி ஒன்று துண்டைப் பிடித்திருப்பதும் சில செக்கன்களுக்கே. இத்தனை சொற்பமான, இத்தனை விரைவில் அறுந்துபோகும் தொடர்பிலிருந்து இவ்வளவு உறுதியான முடிவு எப்படிப் பிறக்கிறது?

வாங்கிக்கு நொதிய ஆற்றல் எதுவும் இல்லை. அதோடு இணைந்த சி.டி.3 தொகுதியின் வால்களில் பொசுபேற்றை ஏற்கும் பத்துத் தொடர்கள் இருக்கின்றன. மென்சவ்வின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் எல்.சி.கே என்ற நொதியம் அவற்றில் பொசுபேற்றைச் சேர்த்தால், சாப்-70 என்ற இன்னொரு நொதியம் வந்து பிணைகிறது. அது லாற் என்ற புரதத்தில் பொசுபேற்றைச் சேர்க்கிறது. பின் கல்சியம் ஏறுகிறது, பரம்பரையலகுகள் இயங்குகின்றன. இதில் கவனிக்க வேண்டியது, ஓய்விலிருக்கும் கலத்திலும் எல்.சி.கேயின் ஒரு பங்கு இயங்கு நிலையிலேயே இருக்கிறது என்பதுதான். ஆனால் சி.டி.45 என்ற இன்னொரு புரதம் அது சேர்க்கும் பொசுபேற்றை இடையறாது அகற்றிக்கொண்டே இருக்கிறது. ஆகவே ஓய்வு என்பது செயலற்ற நிலை இல்லை. இரண்டு நொதியங்கள் ஒன்றையொன்று ஈடுசெய்துகொண்டிருக்கும் நிலை.

அந்த ஈட்டைக் குலைப்பது எது என்ற கேள்விக்கு எனக்கு மிகவும் நிறைவு தரும் விடை, சைமன் டேவிசும் அன்ரன் வான் டெர் மெர்வும் 1996 இல் முன்வைத்து 2006 இல் விரித்தெழுதிய கருத்து. வாங்கி எம்.எச்.சியைப் பிடிக்கும் இடத்தில் இரு மென்சவ்வுகளுக்கும் இடையிலான தூரம் சுமார் 15 நனோமீற்றர்தான். சி.டி.45 இன் வெளிப்பகுதி அதைவிட உயரமானது. அதனால் இரு மென்சவ்வுகளும் நெருங்கும் இடத்தில் அது நிற்க முடியாமல் விலகுகிறது. எல்.சி.கே உட்புறத்தில் இருப்பதால் அதற்கு இந்தத் தடை இல்லை. விலகலின் விளைவாக அந்தச் சிறு வட்டத்துக்குள் பொசுபேற்றைச் சேர்ப்பவர் மட்டுமே மிஞ்சுகிறார். மூலக்கூற்றின் உயரமே சமிக்ஞையாகிறது. 2012 இல் ஜோன் ஜேம்சும் ரொனால்ட் வேலும் ரி-கலமே அல்லாத ஒரு கலத்தில் இந்தப் புரதங்களை ஒவ்வொன்றாக இட்டுப் பார்த்து, இந்த விலகல் நிகழும்போது தூண்டலும் நிகழ்வதைக் காட்டினார்கள். நுட்பமான வேதி மாற்றம் எதையும் தேடாமல், வெறும் வடிவவியலைக் கொண்டு உயிரியலின் ஒரு தீர்ப்பை விளக்க முடிவது வியப்பானது.

இனி, நுணுக்குக்காட்டியில் கண்ட வட்டங்கள். 1998 இல் ஆபிரகாம் குப்பரின் குழு, ரி-கலமும் எதிர்க் கலமும் தொடும் பரப்பில் வாங்கிகள் நடுவிலும் ஒட்டுப்புரதங்கள் சுற்றிலும் ஒழுங்காக அமைவதைக் காட்டியது. அடுத்த ஆண்டு மைக்கேல் டஸ்ரினும் சகாக்களும் செயற்கை மென்சவ்வு ஒன்றின்மேல் ரி-கலத்தை வைத்து, அந்த வட்டம் நிமிடக் கணக்கில் உருவாவதை நேரடியாகப் பார்த்தார்கள். நிர்ப்பீடனச் சந்தி என்று பெயர் பெற்ற இந்த அமைப்பின் நடுப்பகுதிதான் தூண்டலின் மையம் என்று முதலில் நம்பப்பட்டது. ஆனால் கல்சியம் செக்கன்களில் ஏறிவிடுகிறது, வட்டமோ பல நிமிடங்கள் கழித்தே முழுமை பெறுகிறது. பின்னால் வருவது முன்னால் நடந்ததற்குக் காரணமாக முடியாது.

இந்த முடிச்சை அவிழ்த்தவர்களில் ஒருவர் ரஜத் வர்மா. அவர் பெங்களூரில், தேசிய உயிரியல் விஞ்ஞான மையத்தில், சத்தியஜித் மேயரிடம் பயின்றவர். 1998 இல் இருவரும் சேர்ந்து, இலிப்பிட்டு நங்கூரத்தால் மென்சவ்வில் பொருந்தியிருக்கும் புரதங்கள் ஒளி நுணுக்குக்காட்டிக்குப் புலப்படாத சிறு கூட்டங்களாக இருக்கின்றன என்று காட்டினார்கள். பின்னர் டஸ்ரினின் ஆய்வுகூடத்தில், 2006 இல், வர்மா எழுதிய கட்டுரை சந்தியின் பொருளையே மாற்றியது. சமிக்ஞை பிறப்பதும் நீடிப்பதும் சந்தியின் ஓரத்தில் தோன்றும் நுண்கூட்டங்களில். அவை அக்தின் இழைகளால் நடுவுக்கு இழுத்துவரப்பட்டதும் சமிக்ஞை அடங்குகிறது. மையம் என்று நம்பப்பட்ட இடம், வாங்கிகள் ஓய்வுபெறும் இடமாயிற்று. மேயரும் மதன் ராவும் இதே திசையில் மேலும் சென்று, மென்சவ்வுக்குக் கீழிருக்கும் அக்தின், சக்தியைச் செலவழித்து, மேலே உள்ள மூலக்கூறுகளைக் கூட்டுகிறது என்ற கோட்பாட்டை 2012 இல் வளர்த்தெடுத்தார்கள். தெற்காசியாவிலிருந்து இத்துறைக்குக் கிடைத்த மிகப் பெரிய சிந்தனை இதுவே என்று நான் மதிக்கிறேன்.

தெப்பக் கோட்பாட்டுக்கு வருவோம். லாற் புரதம் தெப்பத்தில் இருந்தாக வேண்டும் என்று 1998 இல் சொன்ன கட்டுரையின் முதல் ஆசிரியர் வெய்குவோ சாங். 2005 இல் அவரது சொந்த ஆய்வுகூடமே, தெப்பத்தில் ஏறாதவாறு மாற்றப்பட்ட லாற்றைக் கொண்டும் ரி-கலங்கள் வளர்ந்து இயங்குகின்றன என்று அறிவித்தது. தம் பெயரை நிலைநாட்டிய முடிவைத் தாமே சோதித்துத் திருத்துவது அறிவியலில் எளிதாகக் காணக்கூடியதன்று. தெப்பத்துக்கு ஆரம்பத்தில் சொல்லப்பட்ட சான்றுகள் பலவும் இரண்டு முறைகளில் தங்கியிருந்தன. ஒன்று, கலத்தைக் குளிர்ந்த சவர்க்காரப் பதார்த்தத்தில் கரைத்துக் கரையாத பகுதியை எடுப்பது. மற்றையது, ஒரு வேதிப்பொருளால் கொலஸ்திரோலை உறிஞ்சி எடுப்பது. கரைக்கும் செயலே கூட்டங்களை உண்டாக்கலாம். உறிஞ்சும் செயலோ கொலஸ்திரோலோடு வேறு பலவற்றையும் குலைக்கலாம். இந்தக் குறை இன்று பொதுவாக ஒப்புக்கொள்ளப்படுகிறது.

ஓய்வுக் கலத்திலேயே வாங்கிகள் கூட்டமாக இருக்கின்றனவா என்பதிலும் சண்டை தீரவில்லை. வாங்கிகளும் லாற்றும் தனித்தனித் தீவுகளாக முன்பே இருக்கின்றன, தூண்டலின்போது அவை அருகே வருகின்றன என்றது 2010 இல் வந்த ஒரு கட்டுரை. இல்லை, அவை எழுந்தமானமாகவே பரவியிருக்கின்றன என்றது 2018 இல் வியன்னாவிலிருந்து வந்த இன்னொன்று. வவுனிக்குளத்தில் ஆகாயத்தாமரைத் திட்டுகளைக் காற்றடித்த பின்பு வந்து பார்ப்பவருக்கு, திட்டுகள் முன்பே அங்கு இருந்தனவா, காற்று ஒதுக்கிச் சேர்த்தவையா என்று தெரியாது. படம் எடுக்கும் முன் கலத்தை இரசாயனத்தால் உறையவைப்பவரின் நிலையும் அப்படித்தான். 2016 இல், லாற்றும் அதன் துணைப் புரதங்களும் பொசுபேற்றுச் சேர்ந்ததும் தாமாகவே திரண்டு மென்சவ்வின்மேல் துளிகளாகின்றன என்றும், அந்தத் துளிகளுக்குள் சி.டி.45 நுழைய முடிவதில்லை என்றும் காட்டப்பட்டது. முன்பே இருக்கும் கூட்டத்தைவிட, தேவையானபோது உருவாகும் கூட்டம்தான் முக்கியம் என்ற பக்கத்துக்கே சான்றுகள் சாய்கின்றன என்று நினைக்கிறேன்.

கொலஸ்திரோலின் பங்கு இன்னும் சிக்கலானது. 2016 இல் மட்டும் எதிரெதிராகத் தோன்றும் இரண்டு முடிவுகள் வந்தன. ஜேர்மனியின் பிறைபேர்க் நகரக் குழு ஒன்று, கொலஸ்திரோல் வாங்கியின் மென்சவ்வுப் பகுதியில் நேரடியாகப் பிணைந்து அதை ஓய்வு நிலையில் பூட்டி வைக்கிறது என்றது. ஷங்காயில் சூ சென்சியின் குழு, கொல்லும் ரி-கலங்களின் மென்சவ்வில் கொலஸ்திரோல் கூடினால் அவை புற்றுநோய்க்கு எதிராக வலிமை பெறுகின்றன என்று எலிகளில் காட்டியது. ஒன்று வாங்கியோடு பிணைந்த தனி மூலக்கூற்றைப் பற்றியது, மற்றது மென்சவ்வு முழுவதன் தன்மையைப் பற்றியது. எனவே இரண்டும் ஒருங்கே உண்மையாக இருக்கலாம். கொலஸ்திரோல் கூடினால் நல்லது, குறைந்தால் கெட்டது என்ற ஒற்றை வரி இங்கு செல்லாது.

இவ்வளவும் ரி-கலத்தின் பக்கம். எதிர்ப் பக்கத்தில், எம்.எச்.சி மூலக்கூறுகள் மென்சவ்வில் கூட்டமாக இருப்பது, காட்டப்படும் துண்டு சொற்பமாக இருக்கும்போதுதான் பெரிதும் உதவுகிறது என்று 2000 இல் ஒரு குழு காட்டியது. துண்டு தாராளமாக இருந்தால் கூட்டம் கலைந்தாலும் ரி-கலம் சமாளித்துவிடும். பத்து அளவில் மட்டும் இருந்தால், அந்தப் பத்தும் ஓரிடத்தில் நிற்கின்றனவா, பரந்த மேற்பரப்பில் சிதறிக் கிடக்கின்றனவா என்பதே தீர்ப்பு.

லீஷ்மேனியா கைவைப்பது இங்கேதான். 2004 இல் ஐதராபாத்தில் அமிதாபா சட்டோபாத்யாயின் குழு, பெருந்தின்கலத்தின் மென்சவ்வில் கொலஸ்திரோலைக் குறைத்தால் ஒட்டுண்ணியால் உட்புக முடிவதில்லை என்று கண்டது. உள்ளே போவதற்கு அதற்கு ஒழுங்கான மென்சவ்வு தேவை. உள்ளே போனபின் அது செய்வது நேர்மாறானது. 2005 இல் கொல்கத்தாவில், இந்திய வேதி உயிரியல் நிறுவனத்தில், ஷ்யாமல் ராயின் குழு வெளியிட்ட ஆய்வின்படி, தொற்றுக்கு ஆளான பெருந்தின்கலத்தின் மென்சவ்வில் கொலஸ்திரோல் குறைகிறது, மென்சவ்வு இளகுகிறது, தெப்பங்கள் குலைகின்றன. அந்தக் கலத்தால் ரி-கலத்தைத் தூண்ட முடியாமல் போகிறது. வெளியிலிருந்து கொலஸ்திரோலைக் கொழுப்புக் குமிழிகளில் ஏற்றிக் கொடுத்தபோது தூண்டும் ஆற்றல் திரும்பியது. அதே குழு 2009 இல், தொற்றிய வெள்ளெலிகளுக்கு அக்குமிழிகளைக் கொடுத்து ஒட்டுண்ணிச் சுமை குறைவதைக் கண்டது. 2013 இல் ராயும் சுவேந்திர பட்டாச்சாரியாவும் மேலும் ஒரு படி போனார்கள். எலிகளில், ஒட்டுண்ணி தன் மேற்பரப்புப் புரதம் ஒன்றால் ஈரற் கலத்தின் டைசர் என்ற புரதத்தை வெட்டி, கொலஸ்திரோல் உற்பத்தியைப் பேணும் ஒரு சிறு ஆர்.என்.ஏயைக் குறைக்கிறது. குருதியிலேயே கொலஸ்திரோல் இறங்கிவிடுகிறது. உள்ளுறுப்பைத் தாக்கும் லீஷ்மேனியாசிஸான காலா அசாரால் பாதிக்கப்பட்ட பிகார் நோயாளிகளிடம் குருதிக் கொலஸ்திரோல் தாழ்ந்திருப்பதாக வைத்தியர்கள் கண்டதோடு இது பொருந்துகிறது.

இதை மலேரியாவோடு ஒப்பிட்டால் விளங்கும். 1999 இல் இலங்கையில் 264,549 மலேரியா நோயாளர் பதிவானார்கள். வன்னி அப்போது அதன் கடும் பிடியில் இருந்த பிரதேசங்களில் ஒன்று. 2012 ஒக்ரோபருக்குப் பின் உள்நாட்டுத் தொற்றே இல்லாமல், 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாட்டை மலேரியா அற்றதாக அறிவித்தது. மலேரியா ஒட்டுண்ணி செங்குழியத்துக்குள் வாழ்கிறது. முதிர்ந்த செங்குழியத்தில் எம்.எச்.சி அநேகமாக இல்லை, எனவே ரி-கலத்தால் அதை நேரடியாகப் பார்க்கவே முடியாது. அது மென்சவ்வைக் குலைத்து மறைய வேண்டியதில்லை. லீஷ்மேனியாவோ ரி-கலத்துக்குக் காட்டுவதற்கென்றே அமைந்த கலத்துக்குள் குடியேறுகிறது. மென்சவ்வின் ஒழுங்கில் தலையிடுவது அதற்கு வாழ்வாதாரம்.

இங்கே ஓர் எச்சரிக்கையையும் சொல்லவேண்டும். கொல்கத்தாச் சோதனைகள் உள்ளுறுப்பைத் தாக்கி உயிரைக் குடிக்கும் கிளையை வைத்துச் செய்யப்பட்டவை. இலங்கையில் பரவுவதும் லீஷ்மேனியா டொனோவானியே, ஆனால் மிகப் பெரும்பாலும் தோலோடு நின்றுவிடுகிறது. 2014 இல் நதீரா கருணவீரவும் கனடாவின் கிரெக் மற்லஷெவ்ஸ்கியும் சகாக்களும் இரண்டு இலங்கைக் கிளைகளின் பரம்பரையலகுத் தொகுதிகளை ஒப்பிட்டு, ராக்-சி என்ற பரம்பரையலகில் உள்ள ஒரு மாற்றம் ஒட்டுண்ணியை உள்ளுறுப்பில் பலவீனமாக்குவதில் பங்கு வகிக்கிறது என்றார்கள். இடமும் வெப்பநிலையும் வேறான தோலில், வேறு இயல்புள்ள கிளை, பெருந்தின்கலத்தின் கொலஸ்திரோலை அதே வழியில் குறைக்கும் என்று எடுத்துக்கொள்ள நியாயமில்லை. குறைக்காவிட்டால், அதுவே அது தோலோடு நிற்பதற்கு ஒரு காரணமாகவும் இருக்கலாம். இது என் ஊகம்தான், ஆனால் சோதித்துப் பார்க்கக்கூடிய ஊகம்.

இதைப் படித்துவிட்டு யாரும் முட்டை மஞ்சட்கருவாலோ தேங்காய்ப்பாலாலோ புண்ணை ஆற்ற முற்படக்கூடாது. வெள்ளெலியில் குமிழிகளாக ஏற்றியதற்கும் நாம் உண்பதற்கும் இடையே நீண்ட தூரம் உண்டு. இந்நோய்க்குச் சிகிச்சை இருக்கிறது. சோடியம் ஸ்ரிபோகுளுக்கோனேற்றைப் புண்ணிலேயே ஊசியாக ஏற்றுவது, திரவ நைதரசனால் உறையவைப்பது இரண்டும் அரச வைத்தியசாலைகளின் தோல் கிளினிக்குகளில் கிடைக்கின்றன. நோகாத, ஆறாத புண் எதையும் அங்கே காட்டவேண்டும்.

அந்தக் கிளினிக்குகளில் நோயை உறுதிசெய்ய, புண்ணின் ஓரத்திலிருந்து சிறு துணுக்கு எடுப்பது ஏற்கெனவே வழக்கம். நோயாளி சம்மதித்தால் அதில் ஒரு பங்கைக் கொண்டே வேலையைத் தொடங்கலாம். தொற்றிய பெருந்தின்கலத்திலும் அதே துணுக்கின் தொற்றாத பெருந்தின்கலத்திலும் கொலஸ்திரோலைச் சாயமிட்டு ஒப்பிடுவது, எம்.எச்.சி மூலக்கூறுகள் திரண்டிருக்கின்றனவா என்று பார்ப்பது, விரைவில் ஆறிய புண்ணுக்கும் மாதக்கணக்கில் இழுத்த புண்ணுக்கும் இதில் வேறுபாடு உண்டா என்று பின்தொடர்வது ஆகியவற்றுக்குப் பெங்களூரின் கருவிகள் வேண்டியதில்லை. ஒளிரும் சாயத்தைக் காட்டும் ஒரு நல்ல நுணுக்குக்காட்டியும் பொறுமையும் போதும். யாழ்ப்பாணத்தில் மருத்துவபீடம் 1978 முதல் இருக்கிறது. வவுனியாவில் 2021 ஓகஸ்ட் முதல் தனிப் பல்கலைக்கழகமே இருக்கிறது. மணலாற்றிலிருந்தும் நெடுங்கேணியிலிருந்தும் வரும் நோயாளரின் தோல் துணுக்கில் முதலில் பார்க்க வேண்டியது, இங்குள்ள கிளை மென்சவ்வின் கொலஸ்திரோலைக் குறைக்கிறதா இல்லையா என்பது. குறைக்கிறது என்றால் கொல்கத்தாவின் குமிழிகளைத் தோலில் சோதிக்கக் காரணம் உண்டு. குறைக்கவில்லை என்றால், அந்த ரி-கலம் விழிக்காததற்கான காரணத்தை மென்சவ்வின் வேறு ஒழுங்கில் தேடவேண்டும்.